பத்தமடைப் பாய்க்கு ஒரு வலைத்தளம்: கணினி அறிவியல் மாணவி ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த மாணவி பாளையங்கோட்டையில் உள்ள ஒரு கல்லூரியில் இளநிலைக் கணினி அறிவியல் படித்தவர். சொந்த ஊர் சேரன்மகாதேவிப் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமம். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர், அம்மா பீடி சுற்றுகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தார். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் அவர்தான். அண்ணன் பள்ளியில் வாங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதன் பேட்டரி போய்விட்டதால், மின்சாரம் இருக்கும்போது மட்டும் ஓடும்.

நான் அவருடைய வகுப்பு ஆலோசகர். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கும் நானே வழிகாட்டி. சம்பந்தப்பட்டவர்கள் அனைவரின் சம்மதத்துடன், பெயர்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் வலை உருவாக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை; ஓர் உலாவியும் எழுதுவதற்கு ஒரு எடிட்டரும் போதும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் அலுவலகம் நடத்துவதைப் பார்த்த பிறகு, சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமலேயே இந்தத் தொழிலில் பிழைக்கலாம் என்ற எண்ணமும் வீடுகளில் வேர்விட்டிருக்கிறது. இந்த மாணவி முதலாண்டிலேயே, "வெப் டெவலப்பர் ஆக வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

நான்காம் பருவத்தில் கண்டவை

வலைத் தொழில்நுட்பத் தாளில் அவருக்கு நல்ல மதிப்பெண். அவருடைய ரெக்கார்டு நோட்டைத்தான் மற்றவர்கள் வாங்கிப் பார்த்து எழுதினார்கள். வலது பக்கம் நிரல், இடது பக்கம் வெளியீடு, கோடுகள் ஸ்கேல் வைத்து இழுத்தவை. வைவாவில், வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல்.லின் வரையறையும், உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் தோன்றிய கதையும் தடையில்லாமல் வந்தன.

பருவத் தேர்வு முடிந்தபின் ஒருநாள், வெறும் கோப்பு ஒன்றைத் திறந்து, உங்கள் ஊர் நிறுத்தத்தில் பஸ் வரும் நேரங்களைக் காட்டும் பக்கம் ஒன்றை நோட்டைப் பார்க்காமல் எழுதுங்கள் என்றேன். தொடக்கக் குறிகளை எழுதிவிட்டு நின்றுவிட்டார். பிறகு மெல்ல ஒரு பட்டியல் வந்தது. அதைக் கைபேசியில் திறந்தபோது வலது ஓரம் திரைக்கு வெளியே நீண்டு, பக்கம் பக்கவாட்டில் நகர்ந்தது. கைபேசியில்தான் கோளாறு என்றார். பட்டியலைச் சுற்றிய பெட்டியின் அகலம் நூறு சதவீதம் என்று எழுதி, உள்ளே இரண்டு பக்கமும் இருபது பிக்சல் இடைவெளியும் கொடுத்திருந்தார். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்., தன் இயல்பான கணக்கில் அந்த இடைவெளியை அகலத்துக்கு மேல் கூட்டிக்கொள்ளும்; ஆகவே பெட்டி நாற்பது பிக்சல் அதிகமாகிவிட்டது. பெட்டி மாதிரியைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அவர் படத்தோடு விடை எழுதியிருந்தார். கண்முன் வழிந்து நிற்பது அதே பெட்டிதான் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாகக் கண்டது இன்னும் முக்கியமானது. பிழைச் செய்தி வந்தால், யாரோ திட்டியதைப் போல முகம் வாடி, பக்கத்தை மூடிவிடுவார். ஆங்கிலத்தில் வருவதால் அது தனக்கானது அல்ல என்ற எண்ணம். அந்தச் செய்தியின் கடைசியில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும், முதலில் அந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வில் வெளியீடு வந்தால் மதிப்பெண், வராவிட்டால் இல்லை. பிழையோடு உட்கார்ந்திருப்பதற்கு அங்கே மதிப்பு எதுவும் கிடையாது. இதை மாணவியின் குறை என்று நான் எழுதத் தயாராக இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்றாமாண்டு தொடங்குமுன் குடும்பத்தின் முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது. நகரில் ஒரு பயிற்சி நிலையம், ஆறு மாத 'ஃபுல் ஸ்டாக்' பயிற்சி (உலாவியில் தெரியும் பகுதி, தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வரில் ஓடும் பகுதி இரண்டுக்கும்) முடித்தால் வேலை உறுதி என்று சொல்லியிருந்தது. கட்டணம் அம்மாவின் பல மாத பீடிக் கூலி. நகையை அடகு வைக்கலாம் என்று அம்மா முடிவே செய்துவிட்டிருந்தார். "படிப்புக்கு வைக்காத நகை எதற்கு சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை லேசாகத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

விண்ணப்பப் படிவத்தை வாங்கி வரச் சொல்லி மூவரும் வரி வரியாகப் படித்தோம். வாயால் சொன்ன 'வேலை உறுதி' தாளில் 'வேலைவாய்ப்புக்கு உதவி' என்று இருந்தது. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது என்பதும் இருந்தது. பாடத்திட்டத்தில் இருந்தவற்றில் பாதி, கல்லூரியில் ஏற்கெனவே நடத்தியவை. பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பருவம் தள்ளிப்போடுங்கள், அதற்குள் ஒரு தளத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை அவர் தனியாகச் செய்து முடிக்கட்டும், எங்கே தடுமாறுகிறார் என்று தெரிந்த பிறகு அதற்கான பயிற்சிக்குப் பணம் கட்டலாம் என்றேன். அடகு தள்ளிப்போனது.

அடுத்தது திட்டப்பணி. இறுதியாண்டுத் திட்டப்பணியை ஆயத்தமாக விற்கும் கடைகள் எங்கள் ஊரிலும் உண்டு. அறிக்கை, பைண்டிங், நிரல் எல்லாம் சேர்த்து ஒரு விலை. வகுப்பில் சிலர் அந்த வழியில்தான் போனார்கள். இந்த மாணவிக்கு உண்மையான ஒரு பயனாளர் வேண்டும் என்று நினைத்தேன். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் மகளிர் குழு ஒன்று அவருடைய அம்மாவுக்குப் பழக்கம். அவர்களுக்கு ஒரு தளம் என்று முடிவானது.

எதில் எழுதுவது என்பதில் துறைக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. சக ஆசிரியர் ஒருவர் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தில் செய்யவேண்டும் என்றார். வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர்தான் இருக்கிறது என்பது அவர் வாதம், அது உண்மையும்கூட. நான் சர்வரில் ஓடும் நிரல்மொழியான பி.எச்.பி.யையும் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லையும் சொன்னேன். மலிவான ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் இடம்) ஓடும், கோளாறு வந்தால் மாணவி ஒருவரே சரிசெய்ய முடியும் என்பது ஒரு காரணம். உலாவி என்ன கேட்கிறது, சர்வர் என்ன திருப்பித் தருகிறது என்பதை இடையில் எந்தத் திரையும் இல்லாமல் அவர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. அது தெரிந்தவர் ரியாக்டைப் பிறகு கற்றுக்கொள்வார் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஐந்தாம் பருவம்: பத்தமடையில்

முதல்முறை போகும்போது மாணவி ஒரு பட்டியலோடு போனார்: லாகின், அட்மின் பகுதி, ஷாப்பிங் கார்ட், ஆன்லைன் பணம் செலுத்துதல். குழுவின் மூத்த பெண்மணியை அவர் பெரியம்மா என்று அழைப்பார். பெரியம்மா பட்டியலைக் கேட்டு முடித்துவிட்டு, பாய் எப்படி விற்கிறது என்று சொல்லத் தொடங்கினார்.

சாதாரணப் பாய் கடைக்குப் போய்விடும். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து கேட்பது கல்யாணப் பாய். கோரையை ஊறவைத்து, நூலாகக் கிழித்து, சாயமேற்றி நெய்யும் மெல்லிய பட்டுப்பாயில் மணமக்களின் பெயரையும் சேர்த்து நெய்வார்கள். ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஆளோடு பேசி, முன்பணம் வாங்கி, பெயரை எழுத்துக்கெழுத்து உறுதி செய்தபிறகுதான் தறியில் ஏற்றுவார்கள். ஷாப்பிங் கார்ட்டுக்கு இங்கே வேலையே இல்லை. அவர்களுக்கு வேண்டியது பாயின் படம், நீள அகலம், பெயர்கள், கல்யாணத் தேதி, கைபேசி எண். மாணவியின் பட்டியலில் பெரும்பகுதி அன்றே அடிபட்டது.

தேதியில் ஒரு விஷயம். கல்யாணம் மிக அருகில் இருந்தால் படிவம் ஏற்கக்கூடாது என்று மாணவி நிரல் எழுதினார். நல்ல தர்க்கம்தான். பெரியம்மா ஏற்கவில்லை. "ஆளை வாசலிலேயே விரட்டாதே பிள்ளை; அளவைக் குறைத்தாவது செய்து கொடுப்போம்" என்றார். மறுப்பதற்குப் பதிலாக, "நாள் குறைவாக உள்ளது, எங்களை அழைத்துப் பேசுங்கள்" என்ற வரியும் எண்ணும் வருமாறு மாற்றினார்.

குழுவைப் பற்றிய குறிப்பு, நோட்டீஸ் அடித்த டி.டி.பி. கடையிலிருந்து கோப்பாகக் கிடைத்தது. அதை ஒட்டியதும் பக்கம் முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அங்கே கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துதான், அதன்மேல் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துத் தரமாகிய யூனிகோடில்தான் தமிழுக்கென்று தனிக் குறியெண்கள் உண்டு. மாற்றும் கருவிகள் இருந்தாலும், அவர் முழுவதையும் கைபேசியிலேயே தமிழில் மறுபடி தட்டினார். ஒற்றுப்பிழைகளும் அப்போதே திருந்தின.

படங்கள் தனித் தொல்லை. கைபேசியில் எடுத்த ஒவ்வொரு படமும் பல மெகாபைட். மடிக்கணினியில் நொடியில் தெரிந்த பக்கம், ஊரில் சிக்னல் குறைந்த இடத்தில் வெள்ளையாகவே நின்றது. திரைக்குத் தேவையான அகலத்துக்குச் சுருக்கி ஏற்றியதும் சரியானது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த சிவப்பு, நேரில் பார்த்த சிவப்பாக இல்லை என்று பெரியம்மா சொன்னதால், காலை வெயிலில் திண்ணையில் விரித்து எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்தார்கள்.

ஆறாம் பருவம்: சர்வரில் ஏற்றியபோது

டொமைனுக்கும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்குக்கும் மாணவி தன் புதுமைப் பெண் திட்ட மாதாந்திர 1000 ரூபாயிலிருந்து மிச்சம் பிடித்தார். திட்டப்பணியின் உள்மதிப்பீடு ஆய்வகக் கணினியில் காட்டி ஏற்கெனவே முடிந்திருந்தது. மதிப்பெண்ணுக்கு அது போதும். அத்தோடு நின்றிருந்தால் இதில் எழுத எதுவுமே இருந்திருக்காது.

ஏற்றியதும் பாதிப் படங்களைக் காணவில்லை. கோப்புப் பெயரின் நீட்சி கேமராவில் பெரிய எழுத்தில் இருந்தது. நிரலில் அவர் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். லினக்ஸ் சர்வர் வேறு வேறாகக் கொள்ளும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கினார்.

படிவத்தை அனுப்பினால் வெற்றுப் பக்கம். பிழைப் பதிவை அவரே தேடித் திறந்தார். கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் எனக்குப் படித்துக் காட்டினார். அந்த மாலை எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்த வரியில் இருந்தது மைஎஸ்கியூஎல்லோடு இணைக்கும் பழைய கட்டளை. 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7இலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. ஆய்வகத்தில் இருந்தது அதற்கும் முந்தைய பதிப்பு. பென்டிரைவில் அதையே வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தார். புதிய முறைக்கு மாற்றும்போதே, படிவத்தில் வருவதை நேரடியாகக் கட்டளையோடு ஒட்டாமல், தனியாக அனுப்பும் பாதுகாப்பான முறையில் எழுதவைத்தேன். காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்காமல், பெயர்க் கட்டத்தில் ஓர் ஒற்றை மேற்கோள்குறி இட்டுக் காட்டினேன். பழைய பக்கம் உடைந்தது, புதியது உடையவில்லை.

கேள்விக்குறிகள்

தளம் ஓடத் தொடங்கிச் சில நாட்களில் உண்மையான ஆர்டர்கள் வந்தன. பெரியம்மா மாணவியை அழைத்தார். "மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி நிற்கிறது. அதையா பாயில் நெய்வது?"

மணப்பெண்ணின் பெயரும் அப்படியே. ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தவர்களின் பதிவு மட்டும் ஒழுங்காக இருந்தது.

ஆய்வகத்தில் இதே படிவத்தில் தமிழ் சரியாகத் தெரிந்தது. காரணம் இதுதான்: அங்கே பெயர்களைச் சேமிக்கும் அட்டவணையும் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பும் இரண்டுமே லேட்டின்-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இருந்தன. மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளுக்கு அதுவே இயல்பு. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் உலக மொழிகள் அனைத்தையும் ஏற்கும் குறியாக்கம் இயல்பானது. அந்தக் குறியாக்கமான யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். அந்தப் பைட்டுகள் இன்னதென்று அறியப்படாமலேயே உள்ளே போய், அப்படியே வெளியே வந்தன. உலாவி அவற்றைத் தமிழாகக் காட்டியது. புதிய சர்வரில் இணைப்பு யுடிஎஃப்-8. ஆய்வகத்திலிருந்து ஏற்றுமதி செய்த அட்டவணையோ லேட்டின்-1 ஆகவே வந்து இறங்கியிருந்தது. இணைப்பு இது தமிழ் என்று சொல்ல, அட்டவணையில் அதற்கு இடமில்லாமல், ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி விழுந்தது. சர்வரைக் கண்டிப்பான முறையில் அமைத்திருந்தால் பிழைச் செய்தி கொடுத்து மறுத்திருக்கும். இந்தச் சர்வர் அப்படி அமைக்கப்படவில்லை, சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அட்டவணையின் குறியாக்கத்தை மாற்றுவது சிறிய வேலை. ஆனால் விழுந்த கேள்விக்குறிகளிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை. கைபேசி எண்கள் தப்பின. இலக்கங்களுக்கு இரண்டு குறியாக்கத்திலும் ஒரே பைட். மாணவி ஒவ்வொருவரையும் தானே அழைத்தார். அறியாத ஒருவரிடம் தன் வேலையைப் பற்றிப் பேசியது அதுதான் அவருக்கு முதல்முறை. ஒரு வாடிக்கையாளர், வாயால் சொன்னால் எழுத்து மாறிவிடும் என்று திருமண அழைப்பிதழைப் படமெடுத்து அனுப்பினார். அதிலிருந்து படிவத்தில் அழைப்பிதழ்ப் படத்தை இணைக்கும் வசதி வந்தது. பெரியம்மாவுக்கு அந்தத் தளத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இன்றும் அதுதான்.

இன்னொன்றையும் மாணவி தானாகவே கண்டுபிடித்தார். சோதனைக்காக அவர் இட்டிருந்த 'முத்துலட்சுமி' என்ற பெயருக்கு 13 கேள்விக்குறிகள் நின்றன. நாம் எண்ணினால் ஏழு எழுத்து. புள்ளியும் உகரக் கொக்கியும் இகரச் சுழியும் யூனிகோடில் தனித்தனிக் குறிகள் என்று அப்போது விளங்கியது. பெயர்க் கட்டத்துக்கு அவர் இருபது என்று எல்லை வைத்திருந்தார்; தமிழில் இரண்டு பெயர் சேர்ந்த நீளமான பெயர்கள் பாதியிலேயே வெட்டுப்பட்டிருக்கும். எல்லையை உயர்த்தினார். எந்தப் பாடநூலையும் புரட்டாமல், கேள்விக்குறிகளை விரல்விட்டு எண்ணியே அந்த முடிவுக்கு வந்தார்.

வேலை தேடல்

வளாகத் தேர்வில் இரண்டு நிறுவனங்களில் முதல் கட்டத்தையே அவர் தாண்டவில்லை. அவை எண்திறன், ஆங்கிலம் சார்ந்த கணினிவழித் தேர்வுகள். தளம் செய்த அனுபவத்துக்கு அங்கே இடமில்லை. அந்த நாட்களில் அம்மா மறுபடியும் அடகுப் பேச்சை எடுத்தார். திட்டப்பணியில் நேரம் போனதால் தேர்வுப் பயிற்சி குறைந்தது என்று அவர் நினைத்தார். அதை முழுவதும் மறுக்க முடியாது.

மூன்றாவதாகப் போனது திருநெல்வேலியிலேயே இயங்கும் ஒரு சிறிய நிறுவனம். நேர்காணல் நடத்தியவர், நீங்கள் செய்த ஒன்றில் எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டார். மாணவி அவருடைய கைபேசியிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி, கேள்விக்குறிகளைப் பற்றித் தமிழும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். பயிற்சியாளர் பணி கிடைத்தது. சம்பளம் பெரிதல்ல, சில மாதங்களில் நிரந்தரமானது.

பின்னர் நடந்தவை

வேலையில் முதலில் திணறியது, பலர் சேர்ந்து எழுதும் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவியில். தனியாகவே எழுதிப் பழகியதால், இருவர் ஒரே கோப்பை மாற்றும்போது வரும் மோதலை அவர் பார்த்ததே இல்லை. நீண்ட ஆங்கில விவரக் குறிப்புகளைப் படிப்பதும் கடினமாக இருந்தது. ரியாக்டை வேலைக்குச் சேர்ந்தபிறகு கற்றார். அதில் பெரிய சிரமம் இல்லை என்று சொன்னார். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டவில்லை. நகை வீட்டிலேயே இருக்கிறது.

தளத்தின் நிலை கலவையானது. படிவத்தைவிட, பக்கத்தின் அடியில் உள்ள எண்ணை அழுத்தி வாட்ஸ்அப்பில் வருகிறவர்களே அதிகம். ஓராண்டு முடிந்ததும் புதுப்பிக்கும் கட்டணத்தை யார் தருவது, கடவுச்சொல் யாரிடம் இருப்பது என்ற குழப்பம் எழுந்தது. டொமைன் மாணவியின் பெயரில், அவருடைய கல்லூரி மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அந்த மின்னஞ்சல் முடக்கப்படும் தறுவாயில்தான் இது கவனத்துக்கு வந்தது. இப்போது எல்லாம் குழுவின் பெயருக்கு மாறிவிட்டது.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

ஆய்வகக் கணினிகளில் பி.எச்.பி.யும் தரவுத்தளமும் இப்போது வழக்கிலுள்ள பதிப்புகள். பயிற்சி அட்டவணைகள் எல்லாம் தமிழை ஏற்கும் குறியாக்கத்தில் உருவாகின்றன. முதல் பயிற்சியிலேயே மாணவர் தன் பெயரைத் தமிழில் உள்ளிட்டு எடுத்துக் காட்ட வேண்டும். திட்டப்பணிக்கான பயனாளரை நான்காம் பருவத்திலேயே தேடத் தொடங்குகிறோம். ஆறாம் பருவத்தில் சர்வரில் ஏற்றினால், உடைவதைச் சரிசெய்யவும் எண்திறன் தேர்வுக்குப் படிக்கவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருக்கிறது. திட்டப்பணியில் இருவராவது சேர்ந்து, 'கிட்'டில் எழுதவேண்டும் என்பதும் விதியாகியுள்ளது. ஒப்படைப்புத் தாள் ஒன்றும் கேட்கிறோம்: டொமைன் யார் பெயரில், கட்டணம் எந்த மாதம், கடவுச்சொல் யாரிடம், மாணவர் ஊரைவிட்டுப் போனால் அடுத்து யார்.

செய்முறைத் தேர்வு இன்னும் மாறவில்லை. வெளியீடு வந்தால்தான் மதிப்பெண். வேண்டுமென்றே உடைத்த ஒரு நிரலைக் கொடுத்து, பிழைச் செய்தியைப் படித்து எந்த வரியில் என்ன கோளாறு என்று எழுதினாலே பாதி மதிப்பெண் தரும் வினா ஒன்றைப் பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது.